ஒரு கிலோமீற்றர் வட்டம்

எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்த பனிக்காலத்தில், அப்பா எங்கள் வீட்டுக்கு ஒரு கிலோமீற்றருக்குக் கிட்ட வரக்கூடாது என்று பொலிஸ் உத்தரவு போட்டிருந்தது. இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. பெரியவர்கள் சமையலறையில் குரலைத் தாழ்த்திக் கதைத்தார்கள். ஊரை விட்டு வந்து நாங்கள் குடியிருந்த ஹொல்ம்லியாவில் எங்கள் தொடர்மாடிச் சுவர்கள் தாழ்ந்த குரலையும் தடுப்பதில்லை. எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் அதே தூரத்துக்குள் அவர் வரக்கூடாது என்றும் அப்படித்தான் அறிந்துகொண்டேன். எனக்கும் தம்பிக்கும் தரப்பட்ட விளக்கம், அப்பா வேலைக்காகத் தூர இடம் போயிருக்கிறார் என்பது. அம்மாவின் இடது கையில் கட்டுப் போட்டிருந்தது. பனியில் வழுக்கி விழுந்துவிட்டார் என்றார்கள். அந்த வருடம் நிறையப் பேர் விழுந்தார்கள். நானும் நம்பினேன்.

அப்பா எங்கள் இருவர் மீதும் ஒருநாளும் கை ஓங்கியதில்லை. தம்பியைத் தோளில் ஏற்றிக்கொண்டு ரயில் நிலையத்திலிருந்து வீடுவரை பாட்டுப் பாடியபடி வருவார். தம்பிக்கு அப்போது ஐந்து வயது. அப்பா போனபிறகு அவன் சாப்பாட்டைக் கன்னத்துக்குள் அடக்கி வைத்துக்கொண்டு விழுங்காமல் இருப்பான். ஒருநாள் போர்வைக்குள் இருந்து என்னிடம் கேட்டான்.

"அக்கா, அப்பா செத்துப்போனாரோ?"

இல்லை என்றேன். அவன் நம்பவில்லை. உயிரோடு இருக்கிற ஆள் ஏன் வரவில்லை என்பது அவனுடைய கேள்வி.

அந்த நாட்களில்தான் கணித வகுப்பில் அளவிடைப் படம் கீறக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு கம்பத்தில் நாய் கட்டப்பட்டிருக்கிறது, கயிறு இவ்வளவு நீளம், அந்த நாய் எங்கெல்லாம் போகலாம் என்று ஆசிரியை கேட்டார். கவராயத்தால் ஒரு வட்டம் கீறினோம். வட்டத்துக்குள் நாய், வெளியே பூனைக்குப் பயமில்லை என்று அவர் சொல்ல வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எனக்குள் வேறொரு கணக்கு ஓடத் தொடங்கியிருந்தது. வட்டத்துக்கு வெளியே எங்கேயும் அப்பா நிற்கலாம்.

உடற்பயிற்சி வகுப்பில், காட்டுக்குள் வழி கண்டுபிடித்து ஓடுவதற்காக எங்கள் பகுதியின் வரைபடம் தந்திருந்தார்கள். அதில் ஒரு சென்ரிமீற்றர் என்பது நிலத்தில் நூறு மீற்றர். கவராயத்தைப் பத்து சென்ரிமீற்றருக்கு விரித்து, முனையை எங்கள் வீட்டில் வைத்து ஒரு வட்டம், பள்ளிக்கூடத்தில் வைத்து இன்னொரு வட்டம் கீறினேன். இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. இரண்டுக்கும் வெளியே, ஆனால் நாங்கள் போகிற வழியில் இருக்கிற இடம் ஒன்று வேண்டும். ரயில் பாதையைச் சிவப்புப் பென்சிலால் கீறிக்கொண்டு போனேன். ஹவுகெட்டோ நிலையம் இரண்டு வட்டங்களுக்கும் வெளியே இருந்தது.

சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்புக்கு நாங்கள் அந்த ரயிலில்தான் போவோம். ஹவுகெட்டோவில் கதவு திறந்து மூடும். என் கணக்கின்படி மேடையில் அப்பா நிற்பார். தம்பி யன்னலால் பார்ப்பான். அப்பா ஒரு சட்டத்தையும் மீறியிருக்கமாட்டார். என் வாழ்க்கையில் அதற்கு முன்பு எந்தக் கணக்கும் இவ்வளவு அழகாக முடிந்ததில்லை.

இதை அப்பாவிடம் சேர்க்க ஒரு ஆள் தேவைப்பட்டது. ஸ்தவாங்கர் நகரில் எண்ணெய்க் கம்பனியில் பொறியியலாளராக இருந்த சித்தப்பா அந்த வாரம் வந்திருந்தார். அப்பாவின் கூடப்பிறந்த தம்பி; மறுநாள் அப்பாவைப் பார்க்கப் போவதாக இருந்தார். அப்பாவின் பக்கம்தான் நிற்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. வரைபடத்தை அவரிடம் கொடுத்து, நாளைக்கு அப்பாவைக் காணும்போது குடுங்கோ என்றேன்.

சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "வடிவாக் கீறியிருக்கிறாய், பிள்ளை. இதை நாங்கள் ஊரிலை ஒழுக்கு எண்டு படிச்சனாங்கள். ஒரு விதிக்குக் கட்டுப்பட்ட புள்ளியள் எல்லாம் சேர்ந்து கீறுற கோடு."

"கணக்குச் சரியோ, சித்தப்பா?"

"ஓம். கணக்குச் சரி."

அதன்பின் அவர் எழுந்து சமையலறைக்குப் போய், வரைபடத்தை அம்மாவிடம் கொடுத்தார். அவர் எனக்குத் துரோகம் செய்துவிட்டதாக நினைத்தேன். பல வருடங்கள் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா என்னைக் கூப்பிட்டார். ஏச்சு விழும் என்று போனேன். அவர் ஏசவில்லை. வரைபடத்தை மேசையில் விரித்து, கட்டுப்போட்ட கையால் ஒரு மூலையை அழுத்திப் பிடித்திருந்தார்.

"இதை வேறை ஆருக்கும் காட்டினனியோ?"

"இல்லை. தம்பிக்கு அப்பாவைக் காட்டத்தான் அம்மா. அவன் அப்பா செத்துப்போனார் எண்டு நினைக்கிறான்."

அம்மா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா நிலத்தைப் பார்த்தார். பிறகு அம்மா ஹவுகெட்டோவில் விரலை வைத்து, எங்கள் வீடுவரை மெதுவாக இழுத்துக்கொண்டு வந்தார்.

"இஞ்சையிருந்து வீட்டை வர எவ்வளவு நேரம் எடுக்கும்?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அளவுகோலை வைத்துப் பார்த்தேன். "நடந்தால் ஒரு இருவது நிமிசம். ஓடினால் பத்து நிமிசத்திலை வந்திடலாம்."

அம்மா தலையாட்டினார். அன்று அவர் தம்பியை மடியில் வைத்து, அப்பா உயிரோடுதான் இருக்கிறார், சுகமாக இருக்கிறார், ஆனால் வரமாட்டார் என்று சொன்னார். தம்பி அழுதுவிட்டு, கன்னத்துக்குள் இருந்த சோற்றை விழுங்கினான்.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் ரயிலில் போகவில்லை. இரண்டு பஸ் மாறி, வேறு பக்கத்தால் சுற்றி, வகுப்புக்குப் பிந்திப் போய்ச் சேர்ந்தோம். அதன்பின் எல்லாச் சனிக்கிழமையும் அப்படித்தான். அம்மா ஒரு கையால் தம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்தில் பனிக்குள் நிற்பார். நான் நாலடி தள்ளி நிற்பேன். அவ்வளவு சரியான ஒரு கணக்கை வேண்டுமென்றே குழப்பிவிட்டார் என்று கோபம்.

அந்த ஒரு கிலோமீற்றர் அப்பாவை எங்களிடமிருந்து பிரித்து வைக்கத்தான் என்று எண்ணியிருந்தேன். அது எதற்கான தூரம் என்று நான் கேட்கவேயில்லை. ஒருவர் வருகிறார் என்று தெரிந்தபின் கதவைப் பூட்டி, பிள்ளைகளை உள்ளறைக்கு அனுப்பி, பொலிசைக் கூப்பிட்டு, அவர்கள் வந்துசேரும்வரை ஒரு பெண்ணுக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று யாரோ கணக்குப் பார்த்திருந்தார்கள். அம்மா என்னிடம் கேட்டதும் அதே கணக்கைத்தான். பத்து நிமிசம் என்று நான் சிரித்துக்கொண்டு சொன்னேன்.