சப்பாத்துக்குள் அட்டை

கண்டி டவுனில் மடிப்புக் கலையாமல் நடமாடும் ஆண்களைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள், ஒருநாள் காலை ஆறரை மணிக்கு ஹந்தானையில் எங்கள் மதகடிக்கு வந்து பார்க்க வேண்டும். அந்த மிடுக்கில் கொஞ்சமாவது அங்கேதான் தயாராகிறது. தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து தார் ரோட்டுக்கு, தேயிலைக்கு நடுவே இருபது நிமிஷம் சேற்றுப் பாதை. காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டி, ரப்பர் செருப்போடு, சப்பாத்தை சொப்பிங் பையில் தூக்கிக்கொண்டு இறங்குவோம். மதகுத் தண்ணீரில் காலைக் கழுவித் துடைத்து, காலுறை மாட்டிச் சப்பாத்துக்குள் நுழைந்துவிட்டால் ஆளே வேறு. செருப்பு அதே பையில் ஏறித் தேயிலைச் செடிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். டவுனில் வேலை செய்யும் எங்கள் நாலு பேருக்கும் ஆளுக்கொரு செடி இருக்கிறது. ஒருத்தன் செடியில் இன்னொருத்தன் செருப்பை வைத்தால் அன்றைக்குச் சண்டைதான்.

நாலு பேரில் அதிகம் அலட்டிக்கொள்கிறவன் நான். இத்தனைக்கும் என் உத்தியோகம் ஒரு காப்புறுதிக் கம்பெனியின் கோப்பறையில். அங்கே என்னைப் பார்க்க வருவது தூசியும் கரப்பானும்தான். ஆனாலும் தலைக்கு ஜெல், உதட்டுக்குக் களிம்பு, மூக்கு மயிர் வெட்ட ஒரு குட்டிக் கத்தரிக்கோல், பையில் ஒரு சீப்பு, அந்தச் சீப்பைச் சுத்தம் செய்ய ஒரு பழைய பல்துலக்கி. என் மனைவி தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் முப்பது குழந்தைகளுக்கு மூக்குத் துடைத்துவிடுகிறவள். "முப்பதையும் ரெடி பண்ணிரலாம், இந்த ஒன்னத்தான் முடியல" என்பாள்.

என் அலங்காரத்துக்கெல்லாம் குரு எங்கள் கிளை மேலாளர். அந்த மனிதரின் கழுத்துப்பட்டி முடிச்சு மழை, வெயில், பெரஹரா ஊர்வலம் எதற்கும் நெகிழ்ந்ததில்லை. பெயர்ப்பலகையில் இரண்டு ஆங்கில எழுத்தும் இரண்டு புள்ளியும்தான் இருக்கும். அதை வைத்து ஊர், இனம், சாதி எதையும் கண்டுபிடிக்க முடியாது. பேசுவது ஆங்கிலம், கோபம் வந்தால் சிங்களம். கொழும்புப் பெரிய பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் என்று ஆபீசில் ஒரு பேச்சு. என் அப்பா இறந்த அன்று நான் உள்ளங்கையில் எழுதி வைத்துக்கொண்டு போய் ஆங்கிலத்தில் லீவு கேட்டேன். செத்தார் என்பதற்கு நான் போட்டிருந்த சொல்லை முதலில் திருத்திவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். எப்பேர்ப்பட்ட ஒழுங்கு என்று அன்றைக்கு வியந்தவன் நான். மடையன்.

இந்த வருஷம் முன் கவுண்டருக்குத் தமிழ் பேசும் ஒருவர் தேவை என்று அறிவித்தார்கள். ஆறு வருஷத் தூசிக்குப் பிறகு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ஆட்கள் முகம் பார்த்துப் பேசுகிற ஒரு கதிரை. எனக்கு அந்தக் கதிரை வேண்டும். ஒரே ஒரு பயம். ஆபீசில் யார் கேட்டாலும் "கண்டி டவுன்" என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது ஆறு வருஷம் ஓடிவிட்டது. லயத்துக்காரன் என்று தெரிந்தால் கதிரை கைவிட்டுப் போகும் என்று முழுசாக நம்பினேன்.

நேர்முகத்துக்கு முந்தின நாள் பின்னேரம் டவுனில் வழக்கமான சலூனுக்குப் போனேன். கடைக்காரர் மடவளை ஊர் முஸ்லிம் நானா ஒருவர். முகத்துக்கு எதையோ பூசி, ஆவி பிடிக்க வைத்து, உரித்து எடுத்தார்.

"என்ன தம்பி, ரெண்டாம் கலியாணமா?"

"இல்ல நானா, இன்டர்வியூ."

"அப்ப கொஞ்சம் கூடவே பூசுவம். இனி ஒங்கட பொண்டாட்டிக்கே ஒங்கள வெளங்காது, பாருங்க."

விளங்கத்தான் செய்தது. மறுநாள் காலையில் நான் புது சென்ட்டைக் கழுத்து, காது, மணிக்கட்டு என்று அடித்துக்கொண்டிருந்தபோது, துணி துவைக்கிற சவுக்காரக் கட்டியோடு மனைவி வந்து நின்றாள். மழைக்காலத்தில் அட்டை ஏறாமலிருக்க நாங்கள் எல்லோரும் காலில் அதைத்தான் பூசிக்கொண்டு இறங்குவோம்.

"ராத்திரி பூரா மழை. பூசிக்கிட்டுப் போங்க."

"சென்ட்டு அடிச்சிருக்கேன், தெரியல? துணி தொவைக்கிற வாடையோட போய் அங்க உக்காரச் சொல்றியா?"

"அப்படியா? போங்க போங்க. அட்டைக்கும் ஒங்க சென்ட்டு புடிக்கட்டும்."

அவள் வாயில் சர்க்கரையைப் போட. மதகடியில் காலைக் கழுவியபோது இரண்டு அட்டைகளைப் பிடித்து உருட்டி எறிந்தேன். மூன்றாவது ஒன்று விரலிடுக்கில் இருந்திருக்கிறது. அட்டை கடிப்பது தெரியாது, ஈரம்தான் தெரியும். மேலாளர் அறைக்கு வெளியே காத்திருந்தபோது வலது சப்பாத்துக்குள் பிசுபிசுவென்றிருந்தது. மெல்ல எட்டிப் பார்த்தேன். சாம்பல் காலுறையில் ரத்தம். அட்டை கணுக்காலுக்கு ஏறி, காலுறை விளிம்புக்குக் கீழே திராட்சை போலப் புடைத்திருந்தது. கழற்றிப் பார்க்கலாம் என்று குனிகிறேன், உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே மேலாளரும், தலைமையகத்திலிருந்து வந்திருந்த யாழ்ப்பாணத்து அம்மையார் ஒருவரும். நான் வலது காலைக் கதிரைக்கு அடியில் முடிந்த மட்டும் இழுத்துக்கொண்டேன். முதல் பத்து நிமிஷம் நன்றாகவே போனது. அம்மையார் தமிழில் கேட்டார், நான் தமிழில் சொன்னேன். மேலாளர் வழக்கம்போல ஒன்றும் விளங்காதவர் மாதிரி பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மையார் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார்.

"அட்டை கொண்டு வந்தனீங்களோ?"

தோட்டத்தில் அடையாள அட்டையை யாரும் அட்டை என்பதில்லை. அது ஐடென்டி. அட்டை என்றால் ஒன்றே ஒன்றுதான், அது அப்போது என் காலில் இருந்தது. பார்த்துவிட்டார் என்று நினைத்தேன். இனி மறைத்து என்ன?

"இருக்குங்க மேடம். சப்பாத்துக்குள்ள இருக்கு."

"சப்பாத்துக்குள்ளயோ! ஏன் அதுக்குள்ள வச்சனீங்கள்?"

"நான் வைக்கலீங்க. அதுவா ஏறிருச்சு."

அம்மையார் என்னையே பார்த்தார். "தம்பி, நான் கேட்டது அடையாள அட்டை."

ஐயோ! பூமி பிளந்தால் நல்லது என்று நான் குனிந்தேன். குனிந்ததுதான் குனிந்தோம், அந்தச் சனியனைப் பிடுங்கிவிடுவோம் என்று காற்சட்டையைத் தூக்கிக் காலுறையை இறக்கினேன். அம்மையார் எட்டிப் பார்த்துவிட்டு "ஐயோ அம்மா!" என்று இரண்டு காலையும் கதிரை மேலே தூக்கிக்கொண்டார். நான் அட்டையைப் பிடித்து இழுக்கப் போன அந்த நொடியில்தான் அந்தக் குரல் கேட்டது.

"ஏய், இழுத்துப்புடாத! பல்லு உள்ளுக்க நின்னுக்கும்! சுண்ணாம்பு வச்சா தன்னால விழுந்துரும்!"

நான் நிமிர்ந்து பார்த்தேன். அறையில் வேறு யாரும் இல்லை. மேலாளர்தான். ஆறு வருஷத்தில் ஒரு தமிழ்ச் சொல் உதிர்க்காத வாய். சுண்ணாம்புக்குப் பதிலாக மேசையிலிருந்த கை கழுவும் மருந்தைத் தூக்கிக்கொண்டு வந்து என் காலில் ஊற்றினார். அட்டை சுருண்டு விழுந்தது. அதை அவர் தாளால் எடுக்கவில்லை, மிதிக்கவுமில்லை. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து நாலு உருட்டு உருட்டி, யன்னலுக்கு வெளியே சுண்டி எறிந்தார். அப்படி உருட்ட எந்தக் கொழும்புப் பள்ளிக்கூடத்திலும் சொல்லிக்கொடுக்கமாட்டார்கள்.

"நீங்கள் தமிழோ?" என்றார் அம்மையார், காலை இறக்காமலே.

மேலாளர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். அது நெகிழ்ந்திருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். இதெல்லாம் பொது அறிவு என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நான் ஐடென்டியை எடுத்து நீட்டினேன். அதில் தோட்டத்தின் பெயரும் லய இலக்கமும் அச்சாகியிருந்தன. இரண்டு அட்டையும் அன்றைக்கு ஒரே விலாசத்தைத்தான் சொல்லின.

அன்று பின்னேரம் மேலாளர் கோப்பறைக்கு வந்தார். அதற்கு முன் அவர் அந்த வாசலை மிதித்ததில்லை. கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எந்தக் கணக்கு?"

தோட்டத்தில் மேல் பிரிவை மேக்கணக்கு, கீழ்ப் பிரிவைக் கீக்கணக்கு என்போம். வெளியாள் ஒருவனுக்கு இந்தக் கேள்வியைக் கேட்கவே தெரியாது.

"மேக்கணக்குங்க."

"நான் கீக்கணக்கு. இங்க இல்ல, கம்பளைக்கு அங்கிட்டு." கொஞ்ச நேரம் கோப்புகளைப் பார்த்தார். "இது நமக்குள்ளயே இருக்கட்டும். என்ன?"

சரி என்று தலையாட்டினேன். அவர் போனபிறகு எனக்கு முதலில் பாவமாகத்தான் இருந்தது. பிறகு பற்றிக்கொண்டு வந்தது. அப்பா செத்த அன்று உள்ளங்கை வேர்வையில் எழுத்து அழிந்து நான் திக்கியபோது, இந்த ஆளுக்குத் தமிழ் தெரியும். "அப்பா போயிட்டாரா, போயிட்டு வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லைத் திருத்தினார். நினைக்க நினைக்க அவர் முகத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. அதற்குள் என் புளுகும் நினைவுக்கு வந்து தொலைத்தது. அவர் ஏறிய பாதையில்தானே நானும் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. கதிரை எனக்குத்தான். தோற்றத்துக்கு நல்ல புள்ளி போட்டிருந்தார்களாம். என் பதில்களுக்காகக் கிடைத்ததா, என் வாய் மூடியிருக்க வேண்டும் என்பதற்காகவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மனைவியிடம் கேட்டேன். "அட்டைக்காகக் கெடச்சுது. அதுக்கு ஒரு கும்பிடு போடுங்க" என்றாள்.

முதல் நாள் சவுக்காரம் பூசிக்கொண்டுதான் இறங்கினேன். சென்ட்டும் அடித்தேன், அதை விட முடியுமா? மேலாளரின் கண்ணாடி அறை எனக்கு நேர் பின்னால், கதவு திறந்திருந்தது. பத்து மணிபோல, தலையில் துவாய் போட்ட ஒரு அக்கா மடித்த படிவத்தோடு வந்து நின்றார். என் தலையை, கழுத்துப்பட்டியை, மணிக்கட்டை எல்லாம் ஆற அமரப் பார்த்தார்.

"தம்பியப் பாத்தா நம்ம ஆளு மாதிரி இருக்கு. எந்தத் தோட்டம்?"

"கண்டி டவுன்" நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆறு வருஷப் பழக்கம் அல்லவா. பின்னால் பேனா ஓடும் சத்தம் நின்றிருந்தது.

"ஹந்தானைங்கக்கா" என்றேன், வேண்டுமென்றே உரக்க. "மேக்கணக்கு."

"அப்படிச் சொல்லுங்க!" என்றார் அவர், கவுண்டரில் தட்டி.

எனக்குப் பின்னால் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. நான் திரும்பவில்லை. "உக்காருங்கக்கா, தமிழ்லயே நெரப்புவோம்" என்று படிவத்தை வாங்கினேன்.