மூக்கும் மீசையும்

காது கேட்காத பிள்ளைக்குப் பாடம் நடத்த, தொண்டை கிழியக் கத்தினால் போதும் என்று நம்பிய முட்டாள் நான். ஏழாம் வகுப்பில் அந்தப் பெண் வந்து சேர்ந்ததிலிருந்து நான் கத்திய கத்தலில், பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் என் கணக்கை ஓசியில் படித்துக்கொண்டார்கள். அவள் மட்டும் என் முகத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜலகண்டாபுரம் பக்கத்துப் பள்ளி அது. பின்னாலிருந்து யார் தொட்டாலும் அவள் திடுக்கிட்டுத் திரும்பி அடிப்பாள். ஒருத்திக்கு உதடு கிழிந்தது. இன்னொருவனுக்குப் பல் ஆடியது. "இன்னொரு அடி விழுந்தா, காது கேக்காதவங்க விடுதிப் பள்ளிக்கு அனுப்பிருவேன் சார்" என்றார் தலைமையாசிரியை. வீட்டை விட்டுப் போகமாட்டேன் என்று அவள் தரையில் விழுந்து புரண்டாள்.

அந்த அடி மறுநாளே விழுந்தது. கரும்பலகைக்கு வரச்சொல்லி நான் கத்த, அவள் விழிக்க, பின் பெஞ்சுப் பையன் அவள் சடையைப் பிடித்து இழுத்தான். ஜாமெட்ரி பாக்ஸ் அவன் நெற்றியில் இறங்கியது. ரத்தம் கண்ணை மறைத்து வழிந்தது. அவன் கூட்டாளிகள் பாய்ந்தார்கள். பெஞ்சு கவிழ்ந்தது. ஒருவன் அவள் கையை முறுக்க, அவள் அவன் மணிக்கட்டைக் கவ்விக் கடித்தாள். மாவீரன் நான் ஓடிப்போய், பின்னாலிருந்து அவள் தோளைப் பற்றினேன். அடுத்த அடி என் மூக்கில். எலும்பு நறுக்கென்றது எனக்கு நன்றாகவே கேட்டது.

"முடிஞ்சுது சார். நாளைக்கே அனுப்பிரலாம்" என்றார், சத்தம் கேட்டு ஓடிவந்த தலைமையாசிரியை.

நெற்றியைப் பொத்திக்கொண்டு அந்தப் பையன்தான் குறுக்கே வந்தான். "அனுப்பாதீங்க டீச்சர். சார் கூப்புடறாருன்னு சொல்லத்தான் இழுத்தேன். முன்னால போய்ச் சொல்லியிருக்கோணும்." பிறகு என் பக்கம் திரும்பினான். "எங்க தறிப்பட்டறை இரைச்சல்ல யாரும் கத்த மாட்டாங்க சார். வாயைப் பார்த்துத்தான் பேசிக்குவாங்க. இவளும் அப்படித்தான். உங்க மீசையில வாய் எங்க தெரியுது?"

கல்யாணப் போட்டோவிலிருந்து என்னோடு வரும் மீசை அது. நுனியில் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

தலைமையாசிரியை அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, பொண்ணு இருக்கட்டும். மீசையை என்ன பண்றதுன்னு நீங்க பாருங்க சார்."

மறுநாள் மழித்த வாயும் வீங்கிய மூக்குமாக அவளுக்கு நேர் எதிரே போய் நின்றேன். வகுப்பே பெஞ்சைத் தட்டிச் சிரித்தது. மெதுவாக ஒரு கணக்கை முழுக்கச் சொல்லி முடித்து, பெருமையாகக் கேட்டேன்: "இப்பப் புரியுதா சாமி?"

"பேச்சு புரியுதுங்க சார், கணக்குத்தான் புரியல."