என் காலை உடைத்தவள் வாய் திறந்த நாள்

பழிவாங்கணும்னு ஜெபம் பண்ணினவ நான். அதை முதல்லயே சொல்லிடறேன். நல்ல சாட்சி கேட்கலாம்னு உட்கார்ந்திருக்கிறவங்க பின்னாடி ஏமாந்துடக் கூடாது பாருங்க.

என் பேர் சுகந்தி. சொந்த ஊர் பர்கூர். ஓசூர்ல ஒரு கம்பெனி டீமுக்குக் கூடைப்பந்து ஆடுறேன். அதுதான் எனக்குச் சோறு போடுற வேலை. இந்தச் சபையில இத்தனை வருஷமா கடைசி வரிசையிலதான் உட்கார்றேன், என் உசரத்துக்கு முன்னாடி உட்கார்ந்தா பின்னாடி யாருக்கும் ஒண்ணும் தெரியாதுன்னு. இன்னிக்குத்தான் முதல் தடவை முன்னாடி வந்து நிக்கிறேன். ஆண்டவர் எனக்குச் செஞ்சதைச் சொல்லாம இருக்க முடியல. ஆனா நான் கேட்டது என்ன தெரியுமா? ஒரு பொண்ணோட காலை உடைச்சுப் போடுங்கன்னு கேட்டேன். தினமும் கேட்டேன். அழுதுகிட்டே கேட்டேன்.

அம்மா பர்கூர்ல கிரானைட் பாலீஷ் போடுற பட்டறையில வேலை. அப்பா லாரி ஓட்டினார். நான் வளர்ந்துகிட்டே போனேன். பஸ்ல நின்னா மேல் கம்பி தலையில இடிக்கும். தெருவுல பசங்க கேலி பண்ணுவாங்க. அந்த உசரத்தை ஒரு தப்பா பார்க்காத ஒரே இடம் மைதானம்தான். அங்க போனா நிமிர்ந்து நிக்கலாம். கிருஷ்ணகிரியில பள்ளிக்கூட டீம்ல ஆடினேன். அங்க என்னைப் பார்த்துட்டு பெங்களூர்ல ஒரு கிளப் நடத்துற கோச் கூட்டிட்டுப் போனார். அவர் பேரை இங்க சொல்லல. சார்னே சொல்றேன்.

சார் நல்லாத்தான் சொல்லிக் குடுத்தார். அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அவருக்கு நாங்க எல்லாரும் அவரோட சொத்து. எப்ப தூங்கணும், யார்கூடப் பேசணும், எல்லாம் அவர்தான். ஓசூர் கம்பெனியில விளையாட்டுக்காகவே வேலை தர்றாங்கன்னு தெரிஞ்சதும் நான் கிளம்பினேன். அவர் சத்தம் போடல. சிரிச்சார். "போம்மா, எவ்வளவு நாள் ஆடுறன்னு பார்க்கலாம்"னு மட்டும் சொன்னார்.

வெளியிலிருந்து பார்க்கிறவங்களுக்கு எங்க வாழ்க்கை ஜாலியா தெரியும். காலையில கம்பெனி ஸ்டோர்ல வேலை, மத்தியானத்துக்கு மேல பிராக்டிஸ். எந்த மூட்டு வலிக்குதுன்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சொன்னா உங்க இடத்துக்கு அடுத்த பொண்ணு ரெடியா இருப்பா. எங்களுக்கு உடம்புதான் நிலம், உடம்புதான் மாடு. அது போச்சுன்னா எல்லாம் போச்சு.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஆடி மாசம். பெங்களூர்ல, அந்த சாரோட கிளப்புக்கு எதிரா மேட்ச். நான் நல்லா ஆடிட்டிருந்தேன். போட்டது எல்லாம் விழுந்துச்சு. என்னை மார்க் பண்ணினது, அதாவது தடுக்கிறதுக்காக என்கூடவே ஓடினது, ரூபான்னு ஒரு பொண்ணு. என்னைவிடச் சின்னவ, கன்னடக்காரி. கடைசிப் பகுதியில நான் குதிச்சு ஷாட் போட்டேன். பந்து கையை விட்டுப் போயிடுச்சு. கீழ இறங்குறேன். தரை இருக்க வேண்டிய இடத்துல ஒரு ஷூ இருந்துச்சு.

முழங்கால்ல கேட்ட சத்தம் எனக்கு மட்டும் இல்ல, பெஞ்ச்ல இருந்தவங்களுக்கும் கேட்டுச்சாம். நான் கீழ கிடந்து அவளைப் பார்த்தேன். அவ என்னைப் பார்க்கல. எங்கயோ பார்த்தா. வலியில எனக்கு அதெல்லாம் யோசிக்கத் தோணல. ரெஃப்ரி ஃபவுல் கூடக் குடுக்கல.

ஜவ்வு கிழிஞ்சுடுச்சுன்னு சொன்னாங்க. ஆபரேஷன் ஆச்சு. அடுத்த சீசனுக்குள்ள எழுந்திருக்கலைன்னா ஒப்பந்தம் முடிஞ்சுதுன்னு கம்பெனியிலிருந்து வந்து சொல்லிட்டுப் போனாங்க. அம்மா லீவு போட்டுட்டு வந்து கூட இருந்தாங்க. பாத்ரூம் போறதுக்கு அவங்க தோள் மேல சாயணும். அவங்க தலை என் நெஞ்சுக்குக்கூட எட்டாது. "இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடி கண்ணு, எனக்கு ஒண்ணும் ஆகாது"ம்பாங்க. அப்பல்லாம் எனக்கு ரூபாவைக் கொல்லணும் போல இருக்கும்.

வேதத்தை எடுத்தா, எதிரிகளை அழிச்சுப் போடுங்கன்னு கேக்குற பக்கங்களை மட்டும்தான் படிச்சேன். எனக்கு வேற எதுவும் கண்ணுல படல. நம்ம பாஸ்டரம்மா வீட்டுக்கு வந்தாங்க. இதோ முன்னாடி உட்கார்ந்திருக்காங்க. மன்னிச்சுடுன்னு சொன்னா கதவைச் சாத்திடணும்னு இருந்தேன்.

"அம்மா, நான் அவ காலை உடைக்கச் சொல்லி ஜெபம் பண்றேன்"னு நேராவே சொன்னேன்.

அவங்க டீ டம்ளரைக் கீழ வெச்சாங்க. அப்புறம், "சரி, கேளு. ஆனா அவர்கிட்ட மட்டும் கேளு. நீயா கையை வைக்காத"ன்னாங்க. அவ்வளவுதான். டீயைக் குடிச்சுட்டுக் கிளம்பிட்டாங்க.

அதனாலதான் இன்னிக்கு வரைக்கும் இந்தச் சபையில இருக்கேன்.

நான் எழுந்து நடந்தது விசுவாசத்தாலன்னு சொல்ல ஆசையாத்தான் இருக்கு. கோபத்தாலதான் நடந்தேன். பிசியோதெரபியில காலை மடக்கும்போது உயிர் போகும். ரூபா முகத்தை நினைச்சுக்குவேன், கால் மடங்கும். அவ ஆடின வீடியோ எல்லாத்தையும் போன்ல பார்த்துப் பார்த்து மனப்பாடம் பண்ணினேன். வலது பக்கம் போறதுக்கு முன்னாடி இடது தோள் கொஞ்சம் இறங்கும். களைச்சுட்டா கை கீழ வந்துடும். காதலிக்கிறவங்ககூட அவ்வளவு கவனிக்க மாட்டாங்க. திரும்ப அவளை எதிர்ல பார்க்குற நாளுக்காகவே தயாரானேன்.

சீசனுக்குத் திரும்பினேன். அதுவே ஒரு அற்புதம்தான். ஆனா நடந்ததைப் பாருங்க. அடுத்த வருஷம் எங்க கம்பெனியே ரூபாவை வேலைக்கு எடுத்துச்சு. எதிர்ல நிக்க வேண்டியவ என் ஜெர்சியைப் போட்டுக்கிட்டு என் பக்கத்துல வந்து நின்னா.

ஆண்டவரே, இதுவா பதில்னு கேட்டேன். ரொம்பக் கோபமா கேட்டேன்.

அவளுக்குப் பாஸ் குடுக்க எனக்குக் கை வராது. வெளியூர் போனா ஒரே ரூம்ல போடுவாங்க. நான் சுவத்தைப் பார்த்துப் படுத்துக்குவேன். அவ "சாரி அக்கா"ன்னு ஒரு தடவை ஆரம்பிச்சா. நான் லைட்டை அணைச்சுட்டேன்.

ஒரு நாள் பிராக்டிஸ்ல எங்களை எதிரெதிரா போட்டாங்க. அவ குதிச்சு ஷாட் போடுறா, நான் தடுக்க ஓடுறேன். அவ இறங்குற இடத்துக்கு என் கால் போக ஒரு அடி போதும். அந்த ஒரு அடியை நான் வைக்கல. நல்லவங்கறதால இல்ல. "நீயா கையை வைக்காத"ன்னு சொன்ன குரல்தான். ஆனா ரூபா நேரா இறங்கவே இல்ல. காலை மடக்கிக்கிட்டுப் பக்கவாட்டுல போய் விழுந்து, கையை ஊனி எழுந்தா. உள்ளங்கை தோல் உரிஞ்சுடுச்சு.

"நான் கிட்டக்கூட வரலியே, ஏன் விழுந்த?"ன்னு கேட்டேன். அவகிட்ட நான் பேசின முதல் வார்த்தை அது.

"நீங்க பக்கத்துல இருந்தா நான் இப்படித்தான் இறங்குவேன் அக்கா. என்னிக்காவது நீங்க கால் வெப்பீங்கன்னு தெரியும். வெச்சா நியாயம்தானே?"

அப்புறம் தண்ணிக் குழாய்கிட்ட போய் உட்கார்ந்து அழுதுகிட்டே எல்லாத்தையும் சொன்னா. எனக்கு அடிபட்ட மேட்ச்ல, நடுவுல டைம் அவுட் விட்டப்ப சார் அவ காதுகிட்ட வந்து, "அவ குதிச்சா கீழ உன் கால் இருக்கணும். இல்லைன்னா நாளையிலிருந்து ஹாஸ்டல்ல உனக்கு இடம் இல்ல"ன்னு சொல்லியிருக்கார். விழுந்த என்னைப் பார்க்காம அவ பார்த்தது அவரைத்தான். அவர் தலையை ஆட்டினாராம். வேற பொண்ணுங்களுக்கும் இதையே செய்யச் சொல்லியிருக்காராம்.

எனக்குக் கோபம் குறையல. இடம் மாறுச்சு. இவ்வளவு நாள் தப்பான ஆள் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணியிருக்கேன்!

அந்த வாரமே ஒரு செய்தி வந்துச்சு. எங்க டீமுக்குப் புது கோச் வர்றார். யாருன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். அதே சார்தான்.

உபவாசம் இருந்தேன். "ஆண்டவரே, அந்த ஆள் என் கண் முன்னாடி தலை குனியணும். நான் பார்க்கணும்"னு கேட்டேன். அலங்காரமா ஒரு வார்த்தை இல்ல. பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கேட்டேன். ரூபாகிட்ட வந்து பேசச் சொன்னேன். "என்னால ஆகாது அக்கா. அவர் என்னை எங்கயும் ஆட விட மாட்டார்"னா. நான் வற்புறுத்தல. தனியாவே மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். அவர், "அந்தக் கோச்சையும் வெச்சுக்கிட்டே பேசிடலாம்"னுட்டார்.

கம்பெனி மீட்டிங் ரூம். மேனேஜர், நிர்வாகத்துல இருந்து ஒரு மேடம், எதிர்ல சார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் அதே பழைய சிரிப்பு சிரிச்சார். "விளையாட்டுல அடிபடுறது சகஜம்மா. என்னை விட்டுப் போன வருத்தத்துல ஏதோ கற்பனை பண்றே"ன்னார். மேடம் என்னைப் பாவமா பார்த்தாங்க. தோத்துட்டேன்னு நினைச்சேன்.

கதவு திறந்துச்சு. ரூபா. பிராக்டிஸ் ஜெர்சியோட, வேர்வையோட வந்து நின்னா. சார் கன்னடத்துல "ஹோகு"ன்னார், வெளிய போன்னு. அவ போகல.

"அக்கா சொல்றது நிஜம். கால் வெச்சது நான். வைக்கச் சொன்னது இவர்."

சாருக்கு முகம் சிவந்துடுச்சு. எழுந்து கத்தினார்: "நான் சொன்னா நீ செஞ்சுடுவியா? உனக்கு அறிவு இல்ல?"

மேடம் மெதுவா நிமிர்ந்து, "அப்ப சொன்னீங்களா சார்?"னு கேட்டாங்க.

அவர் மேஜையைப் பார்த்துக் குனிஞ்சுட்டார். நான் பார்த்தேன் சகோதரிகளே. நான் கேட்டபடியே, என் கண் முன்னாடி.

அவருக்கு அந்த வேலை கிடைக்கல. விஷயம் வெளிய போனதும் அடிபட்ட மத்த பொண்ணுங்களும் பேசினாங்க, விசாரணை நடந்துச்சு. இப்ப அவர் எந்த மைதானத்துக்குள்ளயும் விசிலோட போக முடியாது. சந்தோஷப்பட்டேனான்னு கேட்டா, ஆமா. அம்மாவுக்குப் போன் பண்ணினேன். "நல்லா வேணும் அவனுக்கு"ன்னுட்டு அழுதாங்க. நானும் பிரியாணி வாங்கி வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஆனா ஒண்ணு கவனிச்சேன். என் கையால செஞ்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? ரூபா காலை உடைச்சிருப்பேன். எனக்காகப் பேச ஒருத்தியும் இருந்திருக்க மாட்டா. அந்த ஆள் இன்னிக்கு என் கோச்சா நின்னிருப்பான். நான் கேட்ட ஆளை விட்டுட்டு, விழ வேண்டிய ஆளை ஆண்டவர் விழ வெச்சார். நான் உடைக்கச் சொன்னவளையே அதுக்கு உபயோகப்படுத்தினார். என்னைவிட அவருக்கு நல்லாப் பழிவாங்கத் தெரியுது.

இப்ப ரூபாவுக்குப் பாஸ் குடுக்கிறேன். அவ நல்லா ஆடுறா. சாயந்திரத்துல சின்னப் பொண்ணுங்களுக்கு எப்படி இறங்கணும்னு நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லிக் குடுக்கிறோம். எதிராளி இறங்க இடம் விடணும்னும் சொல்லிக் குடுக்கிறோம். ராத்திரியில அவ முகம் வந்து என்னை எழுப்புறதில்ல. நல்லாத் தூங்குறேன்.

உங்கள்ல யாருக்காவது நெஞ்சுக்குள்ள இப்படி ஒரு நெருப்பு இருந்தா, அதை அணைச்சுட்டுத்தான் ஜெபத்துக்கு வரணும்னு காத்திருக்காதீங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டே வாங்க. திட்டிக்கிட்டே வாங்க. அவர் கேட்பார். உங்க கை மட்டும் சும்மா இருக்கட்டும்.

ரூபா இன்னிக்கு வந்திருக்கா. அதோ, கடைசி வரிசையில. அவ கும்பிடுற சாமி வேற, நம்ம பாட்டு எதுவும் அவளுக்குத் தெரியாது. முடிஞ்சதும் யாராவது போய் அவகிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்க, சாப்பிடக் கூப்பிடுங்க. நானும் ஒரு நாள் கூப்பிடுவேன். அதுக்கு எனக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.