அவன் அம்மா எடுத்த படம்

என் மகன் கொழும்பில் ஒரு இரும்புச் சாமான் கடையில் வேலை பார்த்தான். சண்டை மறுபடி தொடங்கியிருந்த காலம். ஒரு சாயந்திரம் தேத்தண்ணி குடிக்கக் கடையை விட்டு இறங்கியிருக்கிறான். திரும்பி வரவில்லை. வேனில் ஏற்றியதை எதிர்க்கடைக்காரர் பார்த்தாராம். நம்பர் பார்க்கவில்லை என்றார். பார்த்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கும் பிள்ளைகள் இருக்கும்.

நானும் மனைவியும் கொழும்பு போனோம். பொலிசில் எழுதிக்கொண்டார்கள். காணாமல் போனவர்களைத் தேட முறைப்பாடு எடுக்கிற அலுவலகம் ஒன்று இருக்கிறது என்று கடை முதலாளி சொன்னார். அங்கேயும் போனோம். மேசையில் இருந்த அம்மா நல்ல மாதிரி. எங்களை உட்காரச் சொன்னார். எல்லாம் கேட்டு எழுதினார். கடைசியில் படம் கேட்டார்.

கொடுத்தோம். ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் எடுத்த படம். வரிசையில் கடைசியில் நிற்பான்.

“இது சின்னப் பிள்ளைங்க. இப்ப உள்ள முகம் வேணும். ஜெயில், கேம்ப் எல்லாத்துக்கும் படத்த வச்சித்தான் கேக்கணும். பேர மாத்தி எழுதி வச்சிருப்பாங்க. முகத்த மாத்த ஏலாது.”

இப்போதுள்ள முகம் எங்களிடம் இல்லை. அடையாள அட்டை அவன் சட்டைப்பையோடு போய்விட்டது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் படம் எடுக்கிற பழக்கம் கிடையாது. கல்யாணத்துக்கு ஒன்று எடுப்போம். செத்தால் அதையே பெரிதாக்கி மாட்டுவோம். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை.

வண்டி ஏறித் திரும்பினோம். நாவலப்பிட்டி தாண்டி வண்டி மலை ஏறும்போது மனைவி சொன்னாள்.

“அந்த லெப்டொப்புக்குள்ள இருக்கும்ங்க.”

அவன் பழையதாக ஒரு லெப்டொப் வாங்கி வைத்திருந்தான். கொழும்பில் ரூமைச் சோதிக்க வருகிறவர்கள் இதைப் பார்த்தால் கேள்வி கேட்பார்கள் என்று போன தீபாவளிக்கு வீட்டில் விட்டுவிட்டுப் போனான். அந்தத் தீபாவளிக்குக் கூட்டாளியிடம் ஒரு கேமராவும் இரவல் வாங்கி வந்திருந்தான். மூன்று நாளும் கண்டதையெல்லாம் படம் எடுத்தான். எல்லாவற்றையும் அந்த லெப்டொப்பில் போட்டு வைத்தான். அது எனக்கும் ஞாபகம் இருந்தது.

எங்கள் வட்டவளைப் பக்கம் மழை நிற்காத பக்கம். சுவர் வியர்க்கும். துணியில் பூஞ்சணம் பூக்கும். எங்கள் ஒரே அறையான காம்பராவில் அடுப்புக்கு மேலே ஒரு பலகை கம்பியில் தொங்கும். தீப்பெட்டி, உப்பு, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அதில்தான் இருக்கும். ரேடியோவும் அங்கேதான் இருந்தது. ஒன்றும் ஆனதில்லை. லெப்டொப்பையும் மனைவி துவாயில் சுற்றி அங்கேயே வைத்திருந்தாள். இங்கே யாராக இருந்தாலும் அங்கேதான் வைப்பார்கள்.

வந்த அன்றைக்கே இறக்கினாள். பொத்தானை அமுக்கினாள். வெளிச்சம் வந்தது. கம்பெனிப் பேர் வந்தது. பிறகு நீலமாக ஒரு பக்கம், அதில் வெள்ளை எழுத்து. அணைந்தது. தானாகவே மறுபடி வெளிச்சம், மறுபடி பேர், மறுபடி நீலம்.

அதற்குப் பிறகு தினமும் கொழுந்து பறித்து மலையிலிருந்து வந்ததும் கூடையை இறக்கிவிட்டு, கை கழுவிவிட்டு அமுக்குவாள். “இன்னைக்கு வந்துரும்” என்பாள். நீலத்தோடு நிற்கும். கொஞ்ச நாளில் நீலமும் வரவில்லை. உள்ளே பல்லி மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது.

தேயிலைப் பெக்டரி கிளாக்கர்தான் வழி சொன்னார். ஹட்டனில் ஒரு மாஸ்டர் இருக்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர், பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் படிப்பிக்கிறார், பின்நேரம் ஒரு மாடி ரூமில் ரிப்பேர் செய்கிறார் என்றார்.

மழைக்கு உரப் பையில் போட்டுக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கொண்டக்டர் சிங்களப் பையன். பையை விரலால் தட்டிப் பார்த்தான்.

“மாமா, கோழிதானே? கோழிக்கும் டிக்கட் வேணும்.”

“கத்துச்சுன்னா போடு” என்றேன்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

மாஸ்டர் லெப்டொப்பைக் கவிழ்த்து வைத்துச் சின்னத் திருகாணிகளைக் கழற்றினார். அடி மூடி வந்தது. உள்ளே காற்றாடி இருந்த இடத்தில் கரி, சட்டி அடியில் பிடித்த மாதிரிப் பிசுபிசுப்பாக. மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார்.

“ஐயா, இதை எங்க வைச்சனீங்கள்?”

“அடுப்புக்கு மேலங்க.”

“அடுப்புக்கு மேலயோ?”

“ஈரம் புடிக்கும்னு.”

அவர் சிரிக்கவில்லை. “எத்தினை தரம் போட்டுப் பாத்தனீங்கள்?”

“தெனமும். வீட்டுக்காரி போடுவா.”

“இனிப் போடாதேங்கோ. புகையும் சூடும் இதைக் கெடுத்திட்டுது. போடப் போட உள்ளுக்க இருக்கிறதும் அழிஞ்சுபோம். உள்ளுக்க என்ன வேணும் உங்களுக்கு?”

“மகன் படம்.”

“மகன் எங்க?”

“கொழும்புல ஏத்திட்டாங்க.”

கையில் திருகிக்கொண்டிருந்த ஸ்குரூ டிரைவர் நின்றது. “எங்கட பக்கம்...” என்று தொடங்கினார். உள்ளங்கையளவு தட்டையான பெட்டி ஒன்றைக் கழற்றிக் காட்டினார். எல்லாம் இதற்குள்தான், இதை வேறு கம்ப்யூட்டரில் கொளுவி, வருகிற மட்டும் எடுத்துப் பார்க்கிறேன், வருமென்று சொல்ல ஏலாது என்றார். காசு பற்றிக் கேட்டேன். கேட்காதது மாதிரி இருந்தார்.

அடுத்த ஞாயிறு போனேன். கொஞ்சம் வந்திருந்தது. படங்களின் பேர் வரிசையாக நின்றது. ஒவ்வொன்றாகத் திறந்தார். சிலது திறக்கவில்லை. சிலது பாதி படம், பாதி சாம்பல். திறந்ததில் எங்கள் லயம் இருந்தது. கோயில் இருந்தது. கொழுந்துக் கூடையோடு என் மனைவி இருந்தாள். நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு நாய் இருந்தது. அவன் இல்லை.

“இதெல்லாம் எடுத்தது ஆர்?” மாஸ்டர் கேட்டார்.

“அவந்தாங்க.”

“அப்ப அவர் எப்பிடி இதில நிப்பார்?”

எனக்கு அது தோன்றவேயில்லை. இவ்வளவு நாளும் அந்த லெப்டொப்புக்குள் அவன் இருக்கிறான் என்றே நினைத்திருந்தோம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“நான் ஒன்னு எடுத்தேன்ல.”

“எப்ப?”

“தீவாளி அன்னைக்கி. பீலியடியில.”

அது எனக்குத் தெரியாது. குளித்துவிட்டு, மலைத் தண்ணி விழும் பீலியடியில் நின்றவன், என்னையும் ஒன்று எடுங்கள் என்று கேமராவை அவளிடம் கொடுத்திருக்கிறான். இவள் பயந்திருக்கிறாள். “கொழுந்து கிள்ற வெரல்தானேம்மா, மெதுவா அமுக்குங்க” என்றானாம். அமுக்கியிருக்கிறாள். வாங்கிப் பார்த்துவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திச் சிரித்தானாம். “அம்மா, எந்தலையக் கவ்வாத்து வெட்டிட்டீங்களே!” தேயிலைச் செடியை மேலே மட்டமாக வெட்டி விடுவதைத்தான் நாங்கள் கவ்வாத்து என்போம். படத்தில் நெற்றிக்கு மேலே ஒன்றும் இல்லையாம்.

“எனக்கு வெக்கமாப் போச்சி. அழிச்சிருடான்னேன். அழிச்சிருப்பானோ?”

அவன் சொன்ன சொல் கேட்கிற பிள்ளை.

அடுத்த முறை அவளும் வந்தாள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்று, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவிடம் சொல்லிவிட்டு வந்தாள். மாஸ்டரிடம் அவளே பேசினாள். “தல இல்லாத படம் ஒன்னு இருக்குங்களா?” அவர் விளங்காமல் என்னைப் பார்த்தார். நான் விளக்கினேன்.

இன்னும் திறக்காத பேர்கள் கொஞ்சம் இருந்தன. அந்தத் தட்டையான பெட்டிக்குப் பக்கத்தில் மேசை விசிறி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, சூடு ஏறாமல் இருக்க. பல்லிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு பேராகத் தட்டினார். சாம்பல். சாம்பல். மனைவி முந்தானையை வாயில் வைத்திருந்தாள்.

ஒன்று மேலேயிருந்து கீழே மெதுவாக இறங்கியது. நெற்றி வந்தது. புருவம் வந்தது. கண் வந்தது. மூக்கும், சிரிக்கப் போகிற வாயும் வந்தது. தாடை வந்தது. கழுத்துக்குக் கீழே சாம்பலாகி நின்றுவிட்டது.

மேலே அவள் வெட்டியது. கீழே புகை தின்றது. நடுவில் முகம் மட்டும் முழுசாக இருந்தது.

“எளச்சிருக்கான்” என்றாள் மனைவி.

மாஸ்டர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். அது சாத்தித்தான் இருந்தது.

அந்தப் பெட்டி அன்றைக்கே சத்தத்தை நிறுத்திவிட்டது. இனி அதில் ஒன்றும் எடுக்க ஏலாது என்றார். வந்ததை ஒரு சீடியில் போட்டுக் கொடுத்தார். லெப்டொப்பை அவரிடமே விட்டுவிட்டோம். பிள்ளைகளுக்குக் கழற்றிக் காட்டவாவது உதவும்.

கீழே கடைத்தெருவில் ஒரு ஸ்டூடியோ. சீடியைக் கொடுத்தேன். பெரிதாக ஒன்றும் சின்னதாகச் சிலதும் வேண்டும் என்றேன். அலுவலகத்தில் அப்படித்தான் கேட்டிருந்தார்கள். ஸ்டூடியோக்காரர் திரையில் படத்தைப் பார்த்தார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

“மகனா?”

“மகன்.”

“சரிங்க. நாளைக்கு வாங்க. நல்லாப் பண்ணித் தாறேன்.”

அவ்வளவுதான் பேசினோம். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

மறுநாள் பேப்பரில் சுற்றி வைத்திருந்தார். இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். மனைவி பிரித்தாள்.

சட்டம் போட்டிருந்தார். அவன் முகத்தைச் சுற்றிப் பூமாலை. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிந்தது. நெற்றிக்கு மேலே இல்லாத முடியை அவரே வரைந்து, வகிடு எடுத்துச் சீவியிருந்தார். கீழே ஒரு பக்கம் தோற்றம், ஒரு பக்கம் மறைவு. பக்கத்தில் வெற்றிடம்.

“திகதி மட்டும் சொல்லுங்கம்மா. இப்பவே எழுதித் தந்துர்றேன்” என்றார் மெல்லிய குரலில்.

மனைவி சட்டத்தைக் கவிழ்த்துக் கண்ணாடி மேசையில் வைத்தாள்.

“வெளக்க அணைங்க தம்பி.”

“அம்மா?”

“எம்மகன் சாகல. தேடுறதுக்குத்தான் படம் கேட்டோம்.”

அவர் முகம் செத்துப்போனது. “தோட்டத்துல இருந்து பெருசாக்க வர்றவங்க எல்லாரும் அதுக்குத்தானேம்மா வருவாங்க. அப்பா ஒன்னும் சொல்லலியே...”

உண்மைதான். தோட்டத்து ஆட்கள் அந்தக் கடைக்கு வேறு எதற்குப் போகிறார்கள்? என் அப்பாவின் படத்தையும் அங்கேதான் பெரிதாக்கினேன். அதே விளக்கு, அதே மாலை.

அவர் சட்டத்தைக் கழற்றினார். படத்தைக் கிழிக்கப் போனார். மனைவி அவர் கையைப் பிடித்தாள். அந்நிய ஆம்பிளையின் கையை அவள் தொட்டு நான் பார்த்ததில்லை.

“மொகத்தக் கிழிக்காதீங்க. கத்திரி குடுங்க.”

அங்கேயே நின்று வெட்டினாள். முதலில் விளக்கு. பிறகு மாலை, காதோடு ஒட்டி. வரைந்திருந்த முடியையும் வெட்டினாள். கவ்வாத்து வெட்டிய மாதிரி நெற்றியோடு நிறுத்தினாள். வெட்டிய துண்டுகளை ஸ்டூடியோக்காரர் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனார். அலுவலகத்துக்குக் கொடுக்கப் புதிதாகப் போட்டுத் தந்தார். ஒன்றும் சேர்க்கவில்லை. சாம்பல் சாம்பலாகவே இருந்தது.

கொழும்பு போய்க் கொடுத்தோம். அதே அம்மா இருந்தார். படத்தைத் தூக்கிப் பார்த்தார்.

“தலை கொஞ்சம் வெட்டுப்பட்டிருக்கே.”

“நாந்தாங்க எடுத்தேன்” என்றாள் மனைவி.

“பரவாயில்லம்மா. முகம் தெளிவா இருக்கு. இது போதும்.”

ஃபைலில் கோர்க்க ஓரத்தில் ஓட்டை போட்டார். அந்தச் சத்தத்துக்கு மனைவி தோளைக் குறுக்கிக்கொண்டாள். முகத்தில் படவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பதில்கள் வந்தன. இந்த ஜெயிலில் இல்லை. அந்தக் கேம்பில் இல்லை. இப்படியொரு முகம் எங்களிடம் வரவில்லை. பிறகு பதிலும் குறைந்தது. சண்டை முடிந்தது என்றார்கள். கொண்டாடி வெடி போட்டார்கள். அந்தச் சத்தம் எங்கள் லயம் வரைக்கும் கேட்டது. அன்றைக்கு மனைவி வாசலில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். விட்டுவிடுவார்கள் என்று நினைத்திருப்பாள்.

எங்கள் சுவரில் என் அப்பா இருக்கிறார், அம்மா இருக்கிறாள், மனைவியின் அண்ணன் இருக்கிறார். பொட்டு வைத்து விளக்கு ஏற்றுவோம். மகன் படம் சுவரில் இல்லை. மாட்ட விடமாட்டாள். அவள் வெட்டியெடுத்த முகம் அவள் சேலைப் பெட்டியில் இருக்கிறது.

கோயில் தலைவர் ஒருமுறை என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். “எத்தன வருசம் ஆச்சி? ஒரு காரியத்தச் செஞ்சிருங்க. அவனும் அலையக் கூடாதுல்ல.” நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். வீட்டில் வந்து சொன்னேன். மனைவி அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“படம் குடுத்திருக்கோம்ல. மொதல்ல பதில் வரட்டும்.”

எனக்கு என்ன தோன்றுகிறது என்று அவள் கேட்டதில்லை. கேட்டால் பொய் சொல்ல எனக்கு வராது என்று அவளுக்குத் தெரியும்.