யார் கூப்பிட்டாலும் போகிற பெண்

ஆப்பிரிக்காவில் என் கணவருக்கு வேலை கிடைத்தபோது இரண்டு பேராகப் போனோம், மூன்று பேராகத் திரும்பினோம். அங்கே ஒரு குழந்தைகள் இல்லத்தில் இருந்தவளை முறைப்படி தத்தெடுத்து, ஐந்து வயது ஆகும் முன்பே ஸ்ரீபெரும்புதூருக்குக் கூட்டி வந்துவிட்டோம். வந்த பிறகுதான் தெரிந்தது, பிள்ளை வளர்ப்பில் இந்த ஊரில் எல்லோருமே டாக்டர் பட்டம் வாங்கியவர்கள், என்னைத் தவிர.

அவர்களுக்கெல்லாம் தலைவி என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுபவர். தண்டலத்திலிருந்து வாராவாரம் ஆஜராகிவிடுவார். "இன்னா சமத்து பாரேன்! யார் தூக்கினாலும் போவுது, ஒரு அழுகை கெடையாது. எங்க வூட்டுப் பசங்க இந்த வயசுல என் முந்தானைய வுட்டதே இல்ல" என்பார். அண்ணிக்கு அது பெருமை. எனக்குப் பயம். அவள் நிஜமாகவே யாரோடும் போவாள். ஒருநாள் காலையில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரகடம் போகிற கம்பெனி பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்துவிட்டாள். நான் தலைதெறிக்க ஓடிப் போய் இறக்கினேன். அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பை என்னிடமும் சிரித்தாள். ஊட்டி, குளிப்பாட்டி, பக்கத்தில் போட்டுத் தூங்கவைத்த நானும் பஸ்ஸில் வந்த யாரோ ஒருத்தியும் அவளுக்கு ஒன்றுதான்.

அண்ணியின் கவலை வேறு. குழந்தையின் சுருட்டை முடி. "மொட்ட போட்டா நேரா வளரும்மா. அதுவுமில்லாம, குலதெய்வத்துக்கு முடி குடுத்தாத்தான் அது நம்ம வூட்டுப் புள்ள" என்றார். கோர்ட் தீர்ப்பு பத்தாதாம். சவரக்கத்தி வந்து உறுதி செய்ய வேண்டுமாம். நான் சண்டை போட்டுப் பார்த்தேன். கணவர் எனக்கும் தலையாட்டினார், அக்காவுக்கும் தலையாட்டினார். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

செம்பரம்பாக்கம் ஏரிக்கு அந்தப் பக்கம் கோயில். வேன் நிறைய சொந்தக்காரர்கள் வந்தார்கள். பக்தி எல்லாம் ஒன்றுமில்லை, கிடா வெட்டி பிரியாணி என்று சொல்லியிருந்தோம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே மொட்டை அடிக்க வேண்டும்? கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் என் தம்பி, ஓ.டி.யை விட்டுவிட்டு வந்திருந்தான். அண்ணி குழந்தைக்குப் புது கவுன் போட்டு, மாற்றுத்துணிகளை ஒரு சின்னப் பையில் வைத்து அவள் கையிலேயே கொடுத்தார்.

அவள் பையோடு போய் மாமன் மடியில் உட்கார்ந்தாள். முடி எடுப்பவர் தலையில் தண்ணீர் தடவினார். அசையவில்லை. பிறகு நிமிர்ந்து என் தம்பியிடம், தெருப் பிள்ளைகளிடம் கற்றுக்கொண்ட தமிழில், நிதானமாகக் கேட்டாள்:

"மாமா, உங்க வூட்ல நான் எங்க படுத்துக்கணும்?"

கூட்டம் சிரித்து உருண்டது. "பாத்தியா, இப்பவே மாமனக் கட்டிக்க ரெடியாயிட்டா!" என்று அண்ணி கைதட்டினார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆப்பிரிக்காவில் அவள் இருந்த இல்லத்தில் ஒரு குழந்தையை வேறு வீட்டுக்கு அனுப்பும் நாளில்தான் தலையை மழிப்பார்கள். எங்களிடம் தந்த அன்றும் அவள் மழித்த தலையோடு, புது கவுனில், கையில் ஒரு பையோடுதான் நின்றாள். இன்றைக்கு நாங்கள் அவளைத் தள்ளிவிடுகிறோம் என்று நினைத்துவிட்டாள். அதற்கும் அழவில்லை, படுக்க இடம் மட்டும் விசாரிக்கிறாள்!

"நிறுத்துங்க!" என்று கத்தி, அவளைத் தூக்கிக் கீழே நிறுத்தினேன்.

"தண்ணி தடவியாச்சும்மா. பாதியில எழுப்புனா சாமி குத்தம் ஆய்டும்" என்றார் அண்ணி.

"சாமிக்கு முடிதானே வேணும்? எங்கிட்ட நிறையவே இருக்கு." கொண்டையை அவிழ்த்துவிட்டு முடி எடுப்பவர் முன்னால் உட்கார்ந்தேன்.

"அக்கா, இன்னா பண்ற நீ?" என்று தம்பி பதறினான். முடி எடுப்பவர் என் கணவரைப் பார்த்தார். கணவர் வழக்கம்போலத் தலையாட்டினார், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அது உபயோகமாக இருந்தது. "அய்யோ, அடுத்த மாசம் என் பொண்ணு நிச்சயதார்த்தம்! போட்டோல எப்பிடிம்மா நிப்ப?" என்று அண்ணி தலையில் கைவைத்துக்கொண்டார். சாமி குத்தத்தைவிட போட்டோ குத்தம் பெரிதாகிவிட்டது.

முடி முழுக்க விழுந்ததும் குழந்தை பக்கத்தில் வந்தாள். என் தலையைத் தொட்டாள். முகம் கோணியது.

"உன்ன யார் வூட்டுக்கு அனுப்புறாங்க?"

"யார் வூட்டுக்கும் இல்லடி கண்ணு."

அவள் நம்பவில்லை. கையில் இருந்த பையை என் தம்பி மேல் வீசினாள். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கோயிலே திரும்பிப் பார்க்கும்படி கதறினாள்: "குடுக்காதீங்க! இது என் அம்மா!"