சித்தப்பாவின் லைசென்ஸ் பரீட்சை

எங்கள் சித்தப்பாவுக்கு லாரி ஓட்ட நன்றாகவே வந்தது. ஸ்டீரிங்கை விடாமல் பிடிக்கத்தான் வரவில்லை. அதற்குக் காரணம் முனியப்பன்.

சங்ககிரிக்குப் போகிற சாலையில், எங்கள் ஊர் எல்லையில், வேப்பமரத்தடியில் முனியப்பன் கோயில் இருந்தது. அதைக் கடக்கும்போது இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிடாமல் எங்கள் வீட்டில் யாரும் போனதில்லை. மாட்டுவண்டி ஓட்டுகிறவனுக்கு அதில் கஷ்டமில்லை. கயிற்றை விட்டாலும் மாடு பாதையை விடாது. லாரிக்கு அந்தப் புத்தி உண்டா? கடலை மூட்டை ஏற்றும் லாரியில் கிளீனராக இருந்த சித்தப்பா, டிரைவரிடம் ஓட்டப் பழகிய நாட்களில், அந்த இடம் வந்ததும் கையைத் தூக்கிவிடுவார். டிரைவர் பாய்ந்து ஸ்டீரிங்கைப் பிடிப்பார். இப்படி நாலு தடவை ஆகிவிட்டது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். பட்டாளத்துக்கு லாரி ஓட்ட ஆள் சேர்க்க வந்தவரிடம், லைசென்ஸ் வாங்கிய மறுநாளே வந்துவிடுகிறேன் என்று சித்தப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. எங்கள் அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. தம்பி பர்மா பக்கம் போகப் போகிறான் என்று சந்தையெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். சித்திக்கு மட்டும் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அவள் அப்போது வாயும் வயிறுமாக இருந்தாள். முந்தைய வருஷம் அப்படிப் போன பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் திரும்பவில்லை, தந்திதான் வந்தது.

வீட்டில் படிப்பு ஆரம்பமானது. சித்தப்பா கட்டிலில் உட்கார்ந்து, காலடியில் மூன்று செங்கல்லை வைத்துக்கொண்டு, இது கிளச்சு, இது பிரேக்கு, இது ஆக்சிலேட்டர் என்று மிதிப்பார். எட்டு வயதான நான்தான் லாரி. நடுச்செங்கல்லை மிதித்தால் நான் நிற்க வேண்டும். பிறகு கைச்சைகை. கையை நீட்டினால் வலப்பக்கம் திரும்புகிறது, வட்டமாகச் சுற்றினால் இடப்பக்கம். ஒருநாள் அந்த வட்டத்தில் சித்தி கொண்டுவந்த மோர்ச்சொம்பு பறந்தது.

"இன்னும் லாரியே ஏறலீங்க. அதுக்குள்ள ஊட்டச் சாச்சுப் போடுவீங்களாட்ட இருக்குது" என்றாள் சித்தி. சித்தப்பா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

பரீட்சையன்று காலையில் சித்தப்பா என்னைக் கூப்பிட்டார். "இன்னைக்கு நான் கையெடுக்கக் கூடாது சாமி. நீ கோயில்ல நின்னு எனக்கும் சேத்திக் கும்புட்டுக்கோ."

சரியென்று கிளம்பினேன். மாட்டுக்கொட்டாய் ஓரத்தில் சித்தி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். லாரி கண்ணுக்குத் தெரிந்ததும் கோயில் மணியை விடாமல் அடிக்க வேண்டும், அவள் சொன்னதாக யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றாள். நானும் சாமிக்கு இரட்டைச் சிபாரிசு என்று நினைத்துக்கொண்டேன். மணிச்சத்தம் கேட்டால் சித்தப்பாவின் கை சும்மா இருக்காது என்பது என் மண்டையில் ஏறவில்லை.

லாரி வந்தது. தொப்பி போட்ட அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, எங்கள் சித்தப்பா ஓட்டிக்கொண்டு வந்தார். அடேயப்பா, என்ன ஒரு கம்பீரம்! வாயைப் பிளந்துகொண்டு நின்றதில் கும்பிடவும் மறந்தேன், மணியடிக்கவும் மறந்தேன்.

கோயிலுக்கு நேரே வந்ததும் லாரி மெதுவாயிற்று. சித்தப்பா கோயிலை ஒருமுறை பார்த்தார். பிறகு கொஞ்சமும் அவசரமில்லாமல் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார். லாரி தன்பாட்டுக்குச் சாலையை விட்டிறங்கி, உழுது போட்டிருந்த காட்டுக்குள் போய்ப் புதைந்து நின்றது. யாருக்கும் காயமில்லை.

அப்போதுதான் எனக்கு மணி ஞாபகம் வந்தது. சித்தி கேட்டால் என்ன சொல்வது என்ற பயத்தில் ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன். அதிகாரி தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு, லைசென்ஸும் கிடையாது ஒன்றும் கிடையாது என்று சொல்லிவிட்டு, அந்த வழியாக வந்த மாட்டுவண்டியில் ஏறிச் சங்ககிரிக்குத் திரும்பிப் போனார்.

வீட்டில் அப்பா குதித்தார். ஊர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றார். மணிச்சத்தம் கேட்டது, கை தானாகப் போய்விட்டது என்று சித்தப்பா எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அவ்வளவுதான், அப்பா என்னை அடிக்கக் கையை ஓங்கிவிட்டார். சித்தி குறுக்கே வந்து விழுந்தாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. செய்யாத குற்றத்துக்கு அடி வாங்க நான் என்ன ஏமாளியா?

"நான் அப்பறந்தானுங்க அடிச்சேன். சித்தப்பா மொதல்லயே கும்புட்டுட்டாங்க."

சித்தி சட்டென்று திரும்பிச் சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் என்னைத் தூக்கிக்கொண்டு கிணற்றுப் பக்கம் நடந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. லைசென்ஸ் போன துக்கம் என்று எனக்கும் பாவமாக இருந்தது.

"நீதாஞ் சாமி மொதல்ல அடிச்சே. அப்படியே இருக்கட்டும்" என்றார்.

திரும்பி வந்தபோது சித்தி அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். என் கையில் ஒரு வெல்லக்கட்டியை வைத்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு சித்தியும் வயிறாரச் சாப்பிட்டாள். எனக்கோ கோபம் தீரவில்லை. எது முதலில் நடந்தது, எது அப்புறம் நடந்தது என்றுகூடச் சொல்லத் தெரியாத மனுஷருக்கு யார்தான் லைசென்ஸ் கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே வெல்லத்தைக் கடித்தேன்.