மடியில் ஒரு பை மீன்குஞ்சு

ஈரோடு போகும் பஸ்ஸில் சத்தியமங்கலத்தில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார் அந்த அம்மா. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை. மடியில் காற்றடைத்த பிளாஸ்டிக் பை. அதற்குள் கொஞ்சம் தண்ணீரும் விரல் நீள மீன்குஞ்சுகளும். நிமிஷத்துக்கு ஒருதரம் பையைக் குலுக்கினார். அவர் முழங்கை என்னை இடித்துக்கொண்டே இருந்ததில் எனக்கு எரிச்சல்.

“குலுக்குனாத்தானுங்க தண்ணியில காத்து சேரும்” என்றார். காங்கேயம் பக்கம் அவர் தோட்டத்துக் குட்டையில் மழைத்தண்ணீர் நிற்பதே சில மாதம்தானாம். “ஊட்டுக்காரரு படுத்த படுக்கைங்க. இதுக வளந்தாத்தான் எங்களுக்குக் கஞ்சி.”

கோபி தாண்டியதும் சீட்டுத் தகரம் குத்திப் பை ஓட்டையானது. விரலால் பொத்தியும் காற்று நிற்கவில்லை. குஞ்சுகள் மேலே வந்து வாயைப் பிளந்தன. என் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

“தண்ணி இருக்குது கண்ணு. காத்துதான் இல்ல.”

வாய்க்கால் பாலம் வந்ததும் எழுந்து கத்தினார். “ஏனுங் கண்டக்டரு, நிறுத்துங்க!”

நானும் கூடவே இறங்கி ஓடினேன். கரையில் குந்தி, அத்தனை குஞ்சுகளையும் ஓடும் தண்ணீரில் கவிழ்த்தார்.

“அக்கா, என்னங்க இது?”

“எங்கயாச்சும் பொழைச்சுப் போகட்டுங்க.”

திரும்பவும் அதே சீட். அவர் போன் அடித்தது. வீட்டுக்காரர்தான். “வந்துட்டே இருக்கேனுங்க” என்றார். வெறும் பையை இன்னொரு கை குலுக்கிக்கொண்டிருந்தது. “ஆமாங்க, எல்லாம் உசுரோடதான் இருக்குதுங்க.”

அதில் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.